சுண்டக்கறியும் மிச்சச் சோறும்



பொங்கல் அன்று பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், கருணை, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்டுப் புளிக்குழம்பு வைக்கிறோம். மிச்சத்தை மறுநாள் மண்சட்டியில் சுண்டக் காய்ச்சினால் சுண்டக்கறி. முதல்நாள் குழம்பைவிட இதுக்குத்தான் வீட்டில் போட்டி!

இது கெடாமல் இருப்பது புளியாலும், காலை மாலை தளதளன்னு கொதிக்க வைப்பதாலும்தான். ஆனால் சோறு அப்படி இல்லை. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமி, விதை போல உறங்கிக் கிடக்கும், வேகவைத்தாலும் சாகாது. வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அது பெருகி விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் திரும்பச் சுடவைத்தாலும் போகாது. வாந்தி, பேதி வரும். சின்னப் பிள்ளைகள் தாங்காது.

அதனால் மிச்சச் சோறு ஆறினதும், ஒரு மணி நேரத்துக்குள், சுத்தமான தண்ணி ஊத்தி மூடிடுங்க. ராத்திரி புளிக்கும்போது உண்டாகும் அமிலம் கெட்ட கிருமியைப் பெருக விடாமல் அடக்கும். காலையில் மோர், உப்பு சேர்த்து, தொட்டுக்கச் சுண்டக்கறி!

காணும் பொங்கலுக்குத் தரங்கம்பாடி கடற்கரைக்குப் போறவங்க முதல்நாள் சோற்றைக் கிளறிக் கட்டாதீங்க. காலையில் வடித்ததையே கட்டி, மதியத்துக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுங்க. கொழகொழன்னு நூல் விட்ட சோற்றை மாட்டுக்கும் வைக்க வேண்டாம், எருக்குழியில் கொட்டுங்க.