ஊரிலா, ஹாஸ்டலிலா? மாணவர்களே, உங்க ஓட்டு எங்கே இருக்கிறது?

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 19. "ஓட்டர் ஐடி எடுத்துட்டியா தம்பி?" என்று கேட்டால், "ஊர்ல அப்பா பார்த்துக்குவாரு" என்பார். ஊரில் வீடு தேடி வந்த அலுவலரிடம் அப்பாவோ, "பையன் தஞ்சாவூர்ல இருக்கான், அங்கேயே பதிஞ்சிருப்பான்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். ஓட்டுப்போடும் நாள் வரும்போது பையன் பெயர் இரண்டு ஊரிலும் இருக்காது.

இந்த மாணவர் கற்பனைதான். ஆனால் இப்படி நடப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4-ல் தொடங்கியது. டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது, முன்பு இருந்ததில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் தவிர, 'முகவரியில் இல்லை', 'இடம் மாறிவிட்டார்' என்பவையும் காரணங்கள். வெளியூரில் தங்கிப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிக் காரணங்களைத்தான்.

யார் பதிவு செய்யலாம்?

இந்தியக் குடிமகனாக, 18 வயது நிறைந்தவராக, அந்தத் தொகுதியில் சாதாரணமாக வசிப்பவராக இருக்க வேண்டும். 21 ஆக இருந்த ஓட்டு வயது, 61-வது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் 1989-ல் 18 ஆகக் குறைந்தது.

முன்பெல்லாம் ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். ஜனவரி 2-ல் பிறந்தவர்கூட ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள். குறுவை தப்பினால் சம்பா இருக்கிற மாதிரி, ஒன்று தவறினால் அடுத்தது வரும். 17 வயது முடிந்தவுடனே முன்கூட்டி விண்ணப்பிக்கவும் முடியும். 18 நிறைந்த பிறகு வரும் காலாண்டில் பெயர் சேர்க்கப்படும்.

ஊரா, ஹாஸ்டலா?

விடுதியிலோ மெஸ்ஸிலோ தங்கிப் படிக்கும் மாணவர்களுக்குத் தேர்தல் ஆணையம் இரண்டு வழி தருகிறது. பெற்றோர் இருக்கும் சொந்த ஊரிலும் பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம். விடுதி என்றால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாக, ஓராண்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். கல்லூரி முதல்வர், பதிவாளர் போன்றவரிடம் போனஃபைடு சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும்.

ஆனால் இரண்டில் ஒன்றுதான். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-ல் இடமுண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டு கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்க.

முதல் கேள்வி: யாரைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள்? திருத்துறைப்பூண்டியில் பதிந்தால் உங்கள் மக்களவைத் தொகுதி நாகப்பட்டினம். தஞ்சாவூர் நகரில் பதிந்தால் தஞ்சாவூர். ஒரே மாவட்டத்துக்குள்ளும் இது மாறும்: கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் ஆகியவை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தாலும் மயிலாடுதுறை மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியலே அடிப்படை. உங்க ஊர் வாய்க்கால், சாலை, குடிநீர் பற்றிப் பேசப்போகும் ஊராட்சித் தலைவருக்கு ஓட்டுப்போட நினைத்தால், உங்கள் பெயர் ஊரில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: அன்றைக்கு அங்கே போய்ச் சேர முடியுமா? 2019, 2021, 2024 தேர்தல்களில் தமிழ்நாட்டில் ஏப்ரல் மாதத்தில்தான் வாக்குப்பதிவு நடந்தது. பல கல்லூரிகளில் அது செமஸ்டர் நெருங்கும் நேரம். வெளியூரில் படிப்பதை மட்டும் காரணம் காட்டி மாணவர்கள் தபால் ஓட்டுப் போட முடியாது. தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறிவிடலாம். தொலைதூர மாவட்டத்திலிருந்து வந்திருப்பவருக்கு விடுதி முகவரியே வசதி.

போனிலேயே பதிவது எப்படி?

1. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தை (வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன்) அல்லது ஆணையத்தின் செயலியைத் திறந்து, உங்கள் சொந்த மொபைல் எண்ணில் கணக்குத் தொடங்குங்கள். நெட் சென்டரில் பதிந்தாலும் கடைக்காரர் எண்ணைக் கொடுக்காதீங்க. பிறகு ஓடிபி, தகவல் எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும்.

2. முதல் முறை பதிபவர்களுக்குப் படிவம் 6. ஏற்கெனவே ஊரில் பெயர் இருந்து, விடுதி முகவரிக்கு மாற்றுவதென்றால் படிவம் 8. மறுபடியும் படிவம் 6 போட்டால் இரட்டைப் பதிவாகிவிடும். பெயர், பிறந்த தேதியில் பிழை திருத்தவும் படிவம் 8-தான்.

3. வயதுச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ், 10 அல்லது 12-ம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. வெள்ளைப் பின்னணியில் புகைப்படம் ஒன்று. முகவரிச் சான்று தனி. பட்டியலில் இருக்கும் குடும்பத்தினர் ஒருவரின் வாக்காளர் அட்டை எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. விண்ணப்பித்ததும் வரும் குறிப்பு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதை வைத்து நிலையைப் பார்க்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் சரிபார்க்க வருவார். விடுதியில் பதிந்திருந்தால் வார்டனிடம் முன்பே சொல்லி வையுங்க. ஊரில் என்றால் அப்பா, அம்மாவிடம், "நான் நம்ம வீட்டு முகவரியில்தான் பதிஞ்சிருக்கேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு போன் கால் உங்கள் பெயரைக் காப்பாற்றும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அட்டை இருந்தால் போதாது

கையில் வாக்காளர் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப்போட முடியாது. அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. அன்றைக்குத் தேடினால் கைமீறிப்போயிருக்கும்.

பெயர் இருந்து அட்டை தொலைந்துவிட்டால் பயம் வேண்டாம். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் உள்ள வங்கிப் பாஸ்புக் போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம். ஆனால் கல்லூரி ஐடி கார்டும் ரேஷன் ஸ்மார்ட் கார்டும் அந்தப் பட்டியலில் இல்லை. வாக்காளர் தகவல் சீட்டு மட்டும் போதாது. போனை வாக்குச்சாவடிக்குள் எடுத்துச் செல்ல முடியாது என்பதால், அசல் ஆவணத்தையே கொண்டு போங்கள்.

உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் பேசாமல் திரும்பாதீங்க. நீங்கள் யாரென்று நிரூபித்தால், விதி 49பி-யின்படி வாக்குச்சீட்டில் ஓட்டளிக்கும் உரிமை உண்டு.

தஞ்சாவூர் பார்த்த பாடம்

2016 மே மாதம் தமிழகம் முழுக்கச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் மட்டும் நடக்கவில்லை. வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதற்கான ஆதாரங்கள் கிடைத்ததால், தேர்தல் ஆணையம் முதலில் தள்ளிவைத்து, பிறகு அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பர் 19-ல்தான் வாக்குப்பதிவு நடந்தது. அதுவரை, ஆறு மாதம், தஞ்சாவூருக்கு எம்.எல்.ஏ. இல்லை. சிலர் நீட்டிய பணத்துக்குத் தொகுதியே விலை கொடுத்தது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தேர்தல் நேரத்தில் இப்படிப் பார்த்தால், சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

இன்று ராத்திரி ஹாஸ்டல் அறையில் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. பட்டியலில் உங்கள் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் ஊரா, ஹாஸ்டலா என்று முடிவெடுத்து விண்ணப்பியுங்கள். பிறகு பக்கத்துக் கட்டில் நண்பரிடமும் கேளுங்கள்: "உன் ஓட்டு எந்த ஊர்ல இருக்கு?"