5 கி.மீ.யா, 21 கி.மீ.யா? உங்கள் தூரம் எது?

நண்பர்கள் பெயர் கொடுத்தார்கள் என்று நேரே 42.195 கி.மீ. மாரத்தானுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

1. முதலில் 5 கி.மீ. ஓடிப் பாருங்கள். கால்வலி சீக்கிரம் தணியும். அடுத்த வாரமே மறுபடி ஓடலாம்.

2. ஓடியபடியே பக்கத்தில் வருபவரிடம் பேசுங்கள். ஒற்றைச் சொல்லுக்கே மூச்சு வாங்கினால், தூரத்தைக் கூட்ட இன்னும் நாளாகும்.

3. வாரத்தில் எத்தனை விடியற்காலை உங்கள் கையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று என்றால் 10 கி.மீ. தாராளம். 21.1 கி.மீ.க்கு ஞாயிறுதோறும் இரண்டு மணி நேர ஓட்டமும் வேண்டும். சென்னை வெயிலில் அதை ஆறரைக்குள் முடிக்க, நாலரைக்கே ஷூ லேஸ் கட்டியிருக்க வேண்டும்.

4. ஓடிய மறுநாள் காலை மாடிப்படி இறங்கிப் பாருங்கள். முழங்கால் குத்தினால் அதே தூரத்திலேயே இருங்கள். அந்த வலியோடு தூரத்தைக் கூட்டினால் மாதக்கணக்கில் ஓட முடியாமல் போகலாம்.