கறுப்பு விளிம்பை மறைத்த கதை

"என்னம்மா இது, சாக்கடைக்குப் பாய் விரித்தாற்போல் இருக்கிறதே!" என்று சென்ற ஆண்டு பெற்றோர் தினத்தன்று ஓர் அம்மா கேட்டுவிட்டார்கள். நாங்கள் நான்கு சனிக்கிழமைகள் மண் வெட்டி, கை கொப்புளித்து உருவாக்கிய தோட்டக் குளத்தைப் பற்றித்தான்!

அவர்கள் கேட்டதில் தவறில்லை. நம் ஊர் கடலோரம், மணற்பாங்கான நிலம். களிமண் பூமியானால் மண்ணைப் பிசைந்து மிதித்தாலே நீர் நிற்கும். மணலில் நிற்குமா? ஆகவே பண்ணைக் குட்டைகளில் விரிக்கும் 500 மைக்ரான் கறுப்புப் பாலிதீன் தாளை விரித்தோம். குழியின் நீளம் 8 அடி, அகலம் 6 அடி, ஆழம் 2 அடி. நீளத்துடன் ஆழத்தை இருமுறை கூட்டி, கரைக்கென்று இருபுறமும் ஓரடி சேர்த்தால் 14 அடி. அகலத்துக்கும் அப்படியே 12 அடி. கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் அந்த ஓரடித் தாள் சுற்றிலும் பளபளவென்று வெளியே தெரிந்தது.

அதை அழகுக் குறை என்றுதான் நினைத்தோம். ஒரு திங்கட்கிழமை காலையில் நீரில் ஓர் அணில் செத்து மிதந்தது. தண்ணீர் குடிக்க வந்து வழுக்கி விழுந்திருக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே தாளில் சின்னச் சின்ன நகக் கீறல்கள். ஆறாம் வகுப்புத் தங்கைகள் அழுதுவிட்டார்கள். நாங்கள் பெரிய பெண்களாயிற்றே, கிணற்றடிக்குப் போய் அழுதோம்.

அதன்பின்தான் விளிம்பை உற்றுக் கவனித்தோம். நண்பகலில் கறுப்புத் தாள் கையைச் சுட்டது. நீர் அருந்த வந்த தேனீக்கள் கால் பதிக்க இடமின்றி விழுந்தன. தவளை ஒன்றுகூட வரவில்லை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பாலிதீனை நாளடைவில் நொறுங்கச் செய்யும், வெளியே கிடக்கும் பகுதிதான் முதலில் கெடும் என்று சிஸ்டர் விளக்கினார்கள்.

உடனே தாளின்மேல் செம்மண்ணைக் கொட்டி, வெளித்தரையிலிருந்து நீருக்குள் வரை புல் பதித்தோம். ஒரே வாரத்தில் கறுப்பு மறைந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை! ஆனால் குளத்து நீர் நாள்தோறும் இரண்டு விரற்கடை குறையலாயிற்று. ஓட்டைதான் என்று முடிவு செய்து, நீரை முழுவதும் இறைத்துத் தேடினோம். ஓட்டை இல்லை. தோட்டக்காரத் தாத்தாதான் சிரித்தார். "ஓட்டை கீழே இல்லை பாப்பா, மேலே இருக்கு. வெளிப்புல்லைப் பாருங்க" என்றார். கரைக்கு வெளியே இரண்டடி தூரம் வரை புல் மட்டும் செழித்து, மண் சொதசொதவென்று இருந்தது!

அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதல்லவா? அதே நுண்புழைக் கவர்ச்சியால் எங்கள் செம்மண் நீரைத் தாளின் விளிம்புக்கு மேலாக இழுத்து, வெளி மணலுக்குத் தந்துகொண்டிருந்தது. பாடப் புத்தகத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தோம். என்ன பயன்!

ஆகவே உயிர்களுக்கு வழி வேண்டும், தண்ணீருக்கு வழி கூடாது. கரையைச் சுற்றி அரையடி அகலத்தில், முக்கால் அடி ஆழத்தில் ஒரு படி வெட்டினோம். தாளை அந்தப் படியின்மேல் படியவைத்து, அதன் முனையை வெளிப்பக்கம் மடக்காமல் செங்குத்தாக நிறுத்தினோம். படியில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கருங்கற்களை அடுக்கி, இடுக்குகளில் கூழாங்கற்களை நிரப்பினோம். வெளிப்பக்கத்தில் மண்ணை இறுக்கி அணைத்தோம். உள்ளே கல், வெளியே மண், நடுவே தாள் ஒரு சுவர். அதன் முனை நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்குமாறு நறுக்கினோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைச் சுற்றிலும் பிடித்துப் பார்த்த பிறகே கத்தரியை எடுத்தோம். ஒரு பக்கம் தாழ்ந்தால் அங்கே நீர் வழியும். எதிர்ப்பக்கம் கறுப்பு பல்லிளிக்கும்.

கிழக்குப் பக்கத்தில் அடியிலிருந்தே கல்லும் பருமணலும் அடுக்கிச் சரிவு அமைத்து, மேலே தென்னைநார் விரிப்பு போட்டோம். விழுந்த அணில் இனி நடந்தே கரையேறலாம். நார் விரிப்பும் திரிபோல நீரை இழுக்கும் என்பதால், அது தாளின் முனையைத் தாண்டாமல் வெட்டினோம். கல்லிடுக்கில் நீர்ப்பிரமி, வெளியே வல்லாரையும் பொடுதலையும் நட்டோம். பொடுதலைதான் வேகமாகப் படர்ந்தது.

கொசு வராதா என்று கேட்கும் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை: மீன் விட்டால் தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும். ஆகவே தட்டான்பூச்சியின் இளம்புழுக்கள் பெருகும்வரை, நாங்களே முறைவைத்து வலையால் கொசுப்புழுக்களை அரித்தெடுத்தோம். இப்போதும் வாரம் இருமுறை பார்க்கிறோம்.

ஐப்பசியின் முதல் பெருமழைக்கு மறுநாள், சரிவின் ஓரத்தில் தவளை முட்டைகள் நுரைபோல் ஒட்டியிருந்தன. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு சாண் கறுப்பு இன்னும் தெரிகிறது. குழாயை அங்கே பிடித்தவள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள். யாரென்று சொல்லமாட்டோம். வல்லாரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறோம்.