மாலை போட்டவரின் விரதமும் மனைவியின் சம்மதமும்

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்குச் சாலைகளில் கறுப்பு வேட்டியும் நீல வேட்டியும்தான் கண்ணில் படும். நெரிசல் கூடும் நாட்களில் சபரிமலைக்குப் போகிற வண்டிகளைக் கம்பமெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்புகிற வண்டிகளைக் குமுளி, லோயர் கேம்ப் வழியாக இறக்குவார்கள். மாலை கழுத்தில் ஏறிய நாள் முதல் இறங்கும் நாள் வரை, கேரள வழக்கப்படி 41 நாள், இங்கே பலருக்கு ஒரு மண்டலமாக 48 நாள், மணமான ஆண்கள் தாம்பத்தியத்திலிருந்து விலகியிருக்கிறார்கள். ஆணின் நீண்டகாலப் புலனடக்கம் இந்த ஊர்களுக்குப் பழகிய விஷயம். அதைப் பற்றிய நம்பிக்கைகளில்தான் பல தவறானவை.

நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து, அடக்கி வைத்தால் உடம்பு முறுக்கேறும், வெளியேறினால் எலும்பு உருகும் என்பது தலைமுறைகளாக ஊறிப்போன ஒன்று. விந்து ரத்தத்திலிருந்து வடிவதில்லை. அதில் பெரும்பகுதி விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர்மம். விரைகளில் விந்தணுக்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். வெளியேறாதவை சிதைந்து உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். சில இரவுகளில் தூக்கத்தில் வெளியேறும். மாலை போட்டிருக்கும்போது அப்படி ஆகிவிட்டதே, விரதம் கெட்டதே என்று யாரிடமும் சொல்லாமல் குமைபவர்கள் இருக்கிறார்கள். அது நோயும் அல்ல, அவர்கள் செய்த குற்றமும் அல்ல.

இந்தக் குமைச்சலை மருத்துவம் எப்போதோ அடையாளம் கண்டுவிட்டது. சிறுநீரோடு தாது போகிறது என்று நம்பிக் களைத்து, படபடத்து, தூக்கம் இழக்கும் நிலைக்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று 1960-ல் பெயர் வைத்தார் மனநல மருத்துவர் என்.என்.விக். உடலின் இயக்கத்தைப் புரியவைப்பதும், கூடவே மனச்சோர்வு இருந்தால் அதைக் குணப்படுத்துவதும்தான் சிகிச்சை. லாட்ஜில் அறை எடுத்து, மாதம் ஒருமுறை வந்து, சொப்பன ஸ்கலிதத்துக்கு லேகியம் விற்பவர்கள் இந்தப் பயத்தில்தான் பிழைக்கிறார்கள். பாலியல் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. போஸ்டர்கள் மட்டும் இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பயம் உண்டு: அடக்கினால் புற்றுநோய் வரும் என்பது. மாதம் 21 முறையோ அதற்கு மேலோ விந்து வெளியேறிய ஆண்களிடம், 4 முதல் 7 முறை வெளியேறியவர்களைவிட, புராஸ்டேட் புற்றுநோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தென்பட்டது என 31,925 பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 2016-ல் சொன்னது. அது ஒரு தொடர்பு மட்டுமே. விலகியிருந்தால் புற்றுநோய் வரும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள் கவனிக்க வேண்டியது வேறு. நாள்கணக்கில் சேர்த்து வைத்தால் கரு சீக்கிரம் தங்கும் என்பது தவறு. அணுக்களின் எண்ணிக்கை கூடினாலும் அவற்றின் ஓட்டம் குறையும். விந்துப் பரிசோதனைக்கே 2 முதல் 7 நாள் இடைவெளிதான் கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான நம்பிக்கை, விரதம் ஆணின் முடிவு, மனைவி ஒத்துப்போக வேண்டியவள் என்பது. அவர் குளித்துச் சரணம் சொல்வதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைப்பவள் அவள். பாதி விரதம் அவளுடையது. “இந்த வருசம் மாலை போட்டுக்கிறட்டா?” என்று கேட்டுவிட்டுக் குருசாமியிடம் போகிறவர்தான் சரியாகச் செய்கிறார். காந்தி 1906-ல் பிரம்மச்சரியம் ஏற்றபோது, அதுவரை கஸ்தூர்பாவிடம் இதைப் பேசியதில்லை என்றும், விரதம் எடுக்கும்போதுதான் கேட்டதாகவும், அவர் மறுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மறுக்காமல் இருப்பதும் மனமொப்பி முடிவெடுப்பதும் ஒன்றாகிவிடாது. தக்க காரணமின்றி ஒருவர் மட்டும் தாமாக முடிவெடுத்து நெடுங்காலம் விலகியிருப்பது மனரீதியான கொடுமையாகலாம் என்று 2007-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் சித்திரைப் பௌர்ணமிக்குக் கண்ணகியைத் தொழ ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். கற்பை அவள் தலையில் மட்டும் சுமத்திய சமூகத்துக்கு, கணவனின் கட்டுப்பாட்டை மனைவி தீர்மானிக்கும் இல்லறம் விபரீதமாகத் தெரியலாம். பக்திக்காக அல்லாமல், இருவரும் பேசி விரும்பி, கணவனின் உடலின்பம் எப்போது என்பதை மனைவி கையில் மாதக்கணக்கில் ஒப்படைக்கும் தம்பதிகளும் உலகில் இருக்கிறார்கள். அவன் ஆண்மையற்றவன், அவள் கொடுங்கோலி என்பது ஊர்ப்பேச்சு. வயதுவந்த இருவர் மனமொப்பிச் செய்வது, துன்பமோ தீங்கோ தராதவரை, இன்றைய மனநல மருத்துவத்தில் நோய் ஆகாது. எந்த நாளும் “போதும்” என்று சொல்லி நிறுத்தும் உரிமை இருவருக்கும் இருக்க வேண்டும். வீட்டுச் செலவையோ பிள்ளைகளையோ காட்டி மிரட்டிப் பெற்றது சம்மதம் ஆகாது.

இத்தகைய தம்பதிகளில் சிலர் கணவனின் ஆணுறுப்பைப் பூட்டிவைக்கும் வளையக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பூட்டுக் கருவியை மாட்டிவிட்டால் மாதக்கணக்கில் கழற்றவே வேண்டாம் என்பது ஆபத்தான நம்பிக்கை. தூக்கத்தில் ஆணுக்கு இரவில் பலமுறை விறைப்பு வருவது இயல்பு. வளையம் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் தடைபடும். வலி, மரத்துப்போதல், நிறம் கறுத்தல், வீக்கம் எது வந்தாலும் உடனே கழற்ற வேண்டும். கழற்றியும் சரியாகாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தினமும் கழுவித் துடைக்காவிட்டால் தோல் புண்ணாகும். மாற்றுச் சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். செல்போனால் இயங்கும் இத்தகைய பூட்டு ஒன்றை இணையம் வழியே வேற்றாள் பூட்டிவிட முடியும் என்பது 2020-ல் அம்பலமானது.

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதையெல்லாம் வெட்கப்படாமல் கேட்கலாம். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.