பொது அஞ்சற் கோப்புறைகளின் பெயர்: பிழையறியும் முறை

மட்டாஞ்சேரியிலுள்ள களப்பணியாளர் ஒருவர், மீனவர்க்குரிய புயலெச்சரிக்கையை மின்னஞ்சல் வழங்கியில் 'கொச்சி' என்னும் பொதுக் கோப்புறையில் சேர்க்கிறார் எனக் கொள்வோம். எர்ணாகுளத்திலுள்ள மற்றொருவர் அதே பெயருடைய கோப்புறையைத் திறக்கிறார். அங்கே எச்சரிக்கை இல்லை. கடிதம் தொலையவில்லை, பெயர்தான் இரண்டாகிவிட்டது. இதன் காரணங்களை வரிசையாக ஆராய்வோம்.

1. எழுத்தமைப்பு: யூனிகோட் முறையில் 'கொ' என்பதை இருவகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு வகை. கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் 'கொச்சி' என்னும் சொல் முதல் வகையில் 6 குறிகளையும், இரண்டாம் வகையில் 7 குறிகளையும் உடையது. இவ்விரண்டையும் ஒருமைப்படுத்தாத வழங்கி, அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். 'எர்ணாகுளம்', 'எறணாகுளம்' என்னும் எழுத்து வேறுபாடும் இவ்வாறே கோப்புறையைப் பிரித்துவிடும்.

2. புள்ளி: சில வழங்கிகளில் புள்ளியே அடுக்குகளைப் பிரிக்கும் குறியாகும். அங்கே '12.6.2024' என்று பெயரிட்டால், ஒன்றனுள் ஒன்றாக மூன்று கோப்புறைகள் தோன்றக்கூடும்.

3. பெயர்வெளி: தம்முடையவை, பிறருடையவை, பொதுவானவை என மூவகைப் பெயர்வெளிகளை வழங்கி அறிவிக்கும் முறை ஐமேப் நெறியில் 1998இல் வகுக்கப்பட்டது. பொதுக் கோப்புறையின் பெயருக்கு முன்னொட்டு வேண்டுமாயின், அதனை விடுத்துத் தேடினால் கோப்புறை அகப்படாது. பார்வையுரிமை பெறாதவருக்கும் அது பட்டியலில் தோன்றாது.

4. '&' குறி: பழைய ஐமேப் நெறியில் தமிழ்ப் பெயர்கள் '&' குறியில் தொடங்கும் ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றி அனுப்பப்படும். அத்தொடரே திரையில் தோன்றினால், பெயர் கெட்டுவிட்டதென எண்ணி அழித்துவிடலாகாது. அதனை மீண்டும் தமிழாக்க மென்பொருள் தவறியது என்றே கொள்க. 2021இல் வெளிவந்த திருத்திய நெறி யூடிஎப்-8 முறையை ஏற்றுள்ளது.

தீர்வு: இரட்டைப் பெயர் கண்டால், ஒன்றைச் சரியான பெயருடையதாகத் தேர்ந்து, மற்றதன் கடிதங்களை அதனுள் நகர்த்துக. முன்பே உள்ள பெயருக்கு மற்றொரு கோப்புறையைப் பெயர்மாற்ற வழங்கி இடந்தராது. எண்ணிக்கையைச் சரிபார்த்த பின்னரே வெற்றுக் கோப்புறையை நீக்குக. பழைய பெயர் சந்தாப் பட்டியலில் எஞ்சியிருப்பின் அதனையும் நீக்குக.

பயிற்சி: 'கோழிக்கோடு', 'தோப்பும்படி' என்னும் பெயர்களில் இருவகையாக எழுதத்தக்க எழுத்துகள் எவை? மாணாக்கர் கண்டு கூறுக.