எண்ணெய் தங்கும் குழிகள்

அன்புள்ள கயல்,

இன்ஜின் பட்டறையில், அளவுக்குக் கடைந்து முடித்த சிலிண்டருக்குள் ஹோனிங் கல்லை விட்டுக் குறுக்கும் மறுக்குமாகக் கீறுகிறார்களே, அதை வழவழப்பாகவே விட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய்.

பிஸ்டன் மேலும் கீழும் போய்த் திரும்பும் இடத்தில் கண நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெயை இழுத்துப் படலமாக்குவது ஓட்டத்தின் வேகம்தான். வேகம் செத்ததும் படலம் மெலிந்து, உலோகமும் உலோகமும் உரசுகின்றன. மேல்முனையில் எரியும் வாயுவின் சூடும் அழுத்தமும் வேறு சேர்ந்துகொள்ளும். பழைய சிலிண்டரின் மேல் விளிம்பை ஒட்டி நகத்தை வைத்து இழுத்துப் பார், ஒரு படி தட்டுப்படும். அதிகத் தேய்மானம் அங்கேதான். சுவர் கண்ணாடியாக இருந்தால் அந்த நேரத்தில் எண்ணெய் தங்க இடமேது? அதனால் கரடான கல்லால் முதலில் ஆழக் கீறிவிட்டு, நைஸ் கல்லால் மேடுகளின் கூர்முனையை மட்டும் சீவிவிடுகிறார்கள். பாரம் தாங்கத் தட்டையான மேடு, எண்ணெய்க்குப் பள்ளம்.

இந்தப் பட்டறை அறிவைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர்களில் ஹாமில்டன், வாலோவிட், ஆலன் மூவரும் முக்கியமானவர்கள். நுண்ணிய மேடுபள்ளங்களாலேயே எண்ணெய்ப் படலத்துக்குத் தாங்குவிசை கிடைக்கும் என்று 1966-இல் எழுதினார்கள். 1990-களில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில், டெக்னியான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இட்ஷாக் எட்சியான் பரப்பில் லேசரால் நுண்குழிகள் போட்டு அதைச் செய்துகாட்டினார். முதலில் மெக்கானிக்கல் சீல், பிறகு பிஸ்டன் ரிங். குழி போட்ட ரிங்குகளால் ஒரு டீசல் இன்ஜின் சோதனையில் 4% வரை எரிபொருள் மிச்சமானது.

குழி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. அகலம் சுமார் 100 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். ஆழம் 10 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. பரப்பில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குழியாக இருந்தால் போதும். அம்மி கொத்துவதைப் பார்த்திருப்பாய். அங்கே பிடிப்புக்காகக் கொத்துகிறார்கள், இங்கே வழுக்குவதற்காக.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எண்ணெய் குழிக்குள் நுழையும்போது இடைவெளி விரிந்து அழுத்தம் குறைகிறது, வெளியேறும்போது இடைவெளி குறுகி அழுத்தம் ஏறுகிறது. ஏற்றமும் இறக்கமும் சமமானால் மிச்சம் பூஜ்யம்தானே? ஆனால் எண்ணெயில் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்க முடியாது, குமிழ் விட்டுவிடும். இறக்கத்துக்கு அடித்தளம் உண்டு, ஏற்றத்துக்கு அப்படி ஒரு கூரை இல்லை. எஞ்சும் அந்த வித்தியாசம் எதிர்ப் பரப்பைத் தூக்கிப் பிடிக்கிறது. எண்ணெய் வற்றிய நேரத்தில் அதே குழி சேமிப்புக் கிண்ணம். உதிரும் உலோகத் துகளையும் குழி வாங்கிக்கொள்வதால், அந்தத் துகள் நடுவில் உருண்டு பரப்பைக் கீறுவதில்லை.

விற்பவர்கள் இதை எல்லாவற்றுக்கும் மருந்து என்பார்கள். நம்பாதே. பல்சக்கரத்திலும் பால் பேரிங்கிலும் தொடும் இடமே மிகச் சிறியது, அழுத்தமோ மிக அதிகம். அங்கே குழி ஆழமாகிவிட்டால் எண்ணெய் அதற்குள் நழுவி, படலம் இன்னும் மெலிந்துபோகும். களைப்பு விரிசலும் குழியின் விளிம்பிலிருந்தே கிளம்பலாம். பரந்த பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் இடம்தான் இதற்கு வாகானது.

உன் டிப்ளமோ புராஜெக்டுக்கு இதையே எடுக்கலாம். கடினப்படுத்திய எஃகில் மூன்று தட்டுகள் செய்துகொள். ஒன்று வெறும் லேப்பிங், அதாவது நுண்பொடி வைத்துத் தேய்த்து மட்டமாக்கியது. இரண்டாவது லேசர் குழி போட்டது. மூன்றாவது குழி போட்டபின் மறுபடி மெல்ல லேப்பிங் செய்தது. லேசர் உலோகத்தை உருக்கும்போது குழியைச் சுற்றி ஒரு கரை எழும்பிவிடும். அதைச் சீவாமல் விட்டால் எதிர்ப்பரப்பை அரம்போல் அராவும். மூன்றுக்கும் ஒரே எண்ணெய், ஒரே பாரம், ஒரே வேகம். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் தட்டையும் எதிர்ப்பரப்பையும் எடை போட மறக்காதே. இரண்டாவது தட்டின் சோதனையில் தேய்மானம் முதல் தட்டைவிட மோசமாக இருந்தால் பயந்துவிடாமல், மைக்ராஸ்கோப்பில் அந்தக் கரையைத் தேடு.

அன்புடன்,
மாமா