முற்றமும் விழாவும்: சுவைஞர் குழுக்களின் அமைப்பும் நெருக்கமும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கிய நிறுவனங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சங்கங்களையும் பல்கலைக்கழகங்களையும் இதழ்களையும் மையமிட்டே அமைந்துள்ளன. தொழிலாகவன்றி விருப்பத்தால் மட்டுமே கூடிய சுவைஞர் குழுக்கள் அவ்வாய்வுகளில் அடிக்குறிப்பளவே இடம்பெறுகின்றன. ஊதியமோ பட்டமோ தராத ஒரு குழுவில் மக்கள் ஏன் தொடர்ந்து கூடுகின்றனர், எதனால் அந்நெருக்கம் நிலைக்கிறது அல்லது குலைகிறது என்னும் வினாக்களுக்கு இரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் (1882–1954) வட்டத்தொட்டியும், அதன் உணர்வை ஒருவகையில் ஏற்று வளர்ந்த காரைக்குடிக் கம்பன் கழகமும் தக்க சான்றுகளாகும். இவ்விரண்டன் அமைப்பு வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

முற்றம்

நெல்லைச் சீமை வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றத்தைத் தொட்டி என்பர். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டி.கே.சி. இல்லத்திலிருந்த அத்தகைய முற்றத்தில் மாலை நேரங்களில் நண்பர்கள் கூடினர். இடத்தின் பெயரே குழுவின் பெயராயிற்று. இது தற்செயலெனத் தள்ளத்தக்கதன்று. மேடையும் இருக்கை வரிசையும் உள்ள மண்டபத்தில் பேசுவோர், கேட்போர் என்னும் பிரிவு கட்டடத்திலேயே அமைந்துவிடுகிறது. வட்டமாக அமர்ந்தவர்க்குள் அப்பிரிவு எளிதில் தோன்றாது. தலைவர், செயலாளர், வரவேற்புரை, தீர்மானம் ஆகிய எவையும் அங்கு இல்லை. அக்காலச் சங்கக் கூட்டங்களின் சடங்குகளை நோக்க, இவ்வின்மை ஒரு தெரிவாகவே தோன்றுகிறது.

சேர்வதற்கு விதி இல்லை எனினும் வாயில் இல்லை எனல் பொருந்தாது. பாடல் ஒன்றை டி.கே.சி. பலமுறை, நிறுத்தி நிறுத்தி, ஓசை புலப்படப் பாடுவார். பொருள் தானே விளங்கும் வரை காத்திருப்பார். அப்பொறுமை உடையோரே மறுமுறை வந்தனர். புலமை அளவுகோலாக வைக்கப்படவில்லை. வருவாய்த்துறை அலுவலராயிருந்த தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ்.மகராஜன் முதலானோர் தமிழைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஒரு குழு தன் எல்லையை உறுப்பினர் படிவத்தாலன்றித் தன் செயல்முறையாலேயே வகுத்துக்கொண்டமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

1930களில் அறநிலையப் பணி டி.கே.சி.யைச் சென்னைக்கு இட்டுச்சென்றது; பிற்காலத்தில் குற்றாலம் அவரது இருப்பிடமாயிற்று. அருவிக் காலத்தில் இராஜாஜியும் கல்கியும் அங்கு அவரது விருந்தினராயினர். இடம் பெயர்ந்த பின்னும் குழு கலையாமைக்குக் காரணம் கடிதங்களே. பிற்காலத்தில் தொகுத்து வெளியிடப்பெற்ற அக்கடிதங்கள் முற்றத்துப் பேச்சின் நடையையே கொண்டுள்ளன: ஒரு பாடல், உணவு, உடல்நலம், ஒரு நகைச்சுவை, மீண்டும் பாடல். அவற்றை இலக்கியத் திறனாய்வாக மட்டும் வாசிப்பது குறைபாடுடையது. உடல்நலமும் உணவும் அவற்றில் இடைச்செருகல்கள் அல்ல. பாடலைப் பற்றிய கருத்து வேறெங்கும் கிடைக்கலாம், பாடலோடு சேர்ந்துவரும் உசாவல் நண்பனிடமிருந்து மட்டுமே கிடைக்கும்.

நெருக்கத்தின் விலை

இவ்வமைப்பின் குறையும் இதன் நிறைவிலிருந்தே பிறக்கிறது. குழுவை இணைத்தது ஒருவரது செவி. அச்செவிக்கு ஒவ்வாத கம்பன் பாடல்கள் பலவற்றை டி.கே.சி. இடைச்செருகல் எனத் தள்ளினார். சிலவிடத்துப் பாடத்தையும் மாற்றியமைத்தார். ஏட்டுச் சான்றை முதன்மையாகக் கொள்ளும் பதிப்பு நெறியினர்க்கு இஃது ஏற்புடையதன்று, அம்மறுப்பு நியாயமானதே. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. விதிகளற்ற வட்டத்தில் மறுப்பைத் தாங்குவதற்கான இருக்கை இல்லை. தலைவர் இருக்கும் அவையில் தலைவரை மறுக்கலாம். நண்பரின் முற்றத்தில் நண்பரின் சுவையை மறுப்பது விருந்தோம்பலை மறுப்பதாகிவிடும். எனவே மறுப்பு வெளியிலிருந்தே எழுந்தது. குறிப்பேடு பேணும் அமைப்பும் அன்று அது. இன்று ஆய்வாளர்க்குக் கிடைப்பன நினைவுக் கட்டுரைகளும் கடிதங்களுமே. அவை அன்பால் எழுதப்பட்டவை. அன்பு நல்ல சாட்சி. எனினும் குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சி.

நாள் குறித்த விழா

காரைக்குடியில் சா.கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்தார். முதல் விழாவுக்குத் தலைமை ஏற்றவர் டி.கே.சி. என்பது தொடர்ச்சியைக் காட்டும். அமைப்போ முற்றிலும் மாறானது. பங்குனித் திங்களில் நடக்கும் விழா, அத்த நாளன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவுறும். அவ்விடத்து மண்ணைக் குழந்தையின் நாவில் இடும் நாட்டார் வழக்கோடு கற்றோர் அவை ஒன்று இவ்வாறு இணைந்தமை தனியே ஆய்தற்குரியது. குறித்த நேரத்தில் தொடங்குதல் காரைக்குடியின் அடையாளமாயிற்று. கேட்போர் நிறையட்டும் எனக் காத்திராமை கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நேரத்துக்கு வந்தவரே இவ்விதியால் மதிக்கப்பட்டனர்.

கழகம் கண்ட மற்றொரு வடிவம் பட்டிமண்டபம். குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக அமர, கைகேயியையும் வாலியையும் பற்றி அணிகள் எதிரெதிர் நின்று வாதிட்டன. வட்டத்தொட்டி தாங்க இயலாத மறுப்பு இங்கு நிகழ்ச்சியின் உறுப்பாயிற்று. வாதிட்டவர் பகைவராகாமல் ஒரே பந்தியில் உண்டனர். ஆயினும் இவ்வடிவம் பாத்திரங்களைப் பற்றிய வழக்கையே ஏற்றது. எப்பாடம் கம்பனுடையது என்னும் வழக்கு பட்டிமண்டபத்துக்குரியதன்று. அது முற்றத்திலும் தீரவில்லை, மேடையிலும் ஏறவில்லை, ஏடுகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்களிடமே சென்றது. பிற்காலப் பட்டிமன்றம் நகைச்சுவைக் களமாகச் சுருங்கியமைக்குக் காரைக்குடியைப் பொறுப்பாக்குதல் முறையன்று.

முற்றம் பெயர்த்து நடத்தக்கதன்று. நாட்காட்டியும் நெறியும் கொண்ட வடிவம் பெயரும். சென்னையில் நீதிபதி மு.மு.இஸ்மாயில் தலைமையிலும், புதுச்சேரியிலும் கம்பன் கழகங்கள் இயங்கின. 1980இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய கழகம் போர்க்காலத்தில் கொழும்புக்கு இடம்பெயர்ந்த பின்னும் விழாவைத் தொடர்ந்தது. ஊர் இழந்தோர்க்கு ஆண்டில் சில நாள் ஒன்றுகூடும் அவையாகவும் அது அமைந்தது.